பழைய வேன்ல ஜன்னல் ஒழுகுதா? சிலிகான் டியூபை ஓரமா வைங்க... முதல்ல பூட்டைப் பாருங்க!

கேரவன்னு சொன்னா, கொஞ்ச வருஷம் முன்னாடி வரைக்கும் நமக்கு ஷூட்டிங் ஸ்பாட்தான் ஞாபகத்துக்கு வரும். ஹீரோ, ஹீரோயின் மேக்கப் போடுற, ஓய்வெடுக்கிற ஏசி வண்டி. இப்போ கதையே வேற. பழைய டெம்போ டிராவலரையோ மினி பஸ்ஸையோ வாங்கி, உள்ளே கட்டில், குட்டி கிச்சன், சோலார் எல்லாம் வெச்சு ஊர் சுத்தணும்னு ஆசைப்படுறவங்க நிறைய பேர். ரீல்ஸ்ல அதைப் பார்க்கும்போது கண்ணுல படுறது மரப்பலகை உள்வேலையும் மஞ்சள் விளக்கும்தான். ஜன்னல் ஓரத்துல ஓடுற அந்தக் கறுப்பு ரப்பரை யாரும் ஜூம் பண்ணிக் காட்டுறதில்லை.

ஆனா, பழைய வண்டியை வீடா மாத்தினவங்களுக்கு முதல் தலைவலி பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கும். முதல் நல்ல மழையில ஜன்னல் மூலையிலிருந்து ஒரு சொட்டு. உடனே கடைக்கு ஓடி ஒரு சிலிகான் டியூப் வாங்கி, சுத்தி தடவி விடுவோம். அடுத்த மழையில மறுபடியும் சொட்டும். திரும்பத் தடவுவோம். ரெண்டு வருஷம் கழிச்சு உள்பலகையைக் கழட்டினா, ப்ளைவுட் ஊறிப்போய், தகடு துருப்பிடிச்சு, வயர் எல்லாம் பச்சை பூத்துக் கிடக்கும்.

பிரச்னை தண்ணியில இல்லை. அந்த ஜன்னல் பீடிங்கை நாம அலங்காரம்னு நினைக்கிறதுலதான் இருக்கு.

பீடிங் அழகுக்கு இல்லை, அதுதான் பூட்டு!

பூட்டுக்குப் பேர் போன ஊர் திண்டுக்கல். 2019-ல புவிசார் குறியீடும் வாங்கியாச்சு. அதனால, பூட்டை வெச்சே இதைப் புரிஞ்சுக்கலாம்.

பழைய மினி பஸ், வேன்கள்ல கண்ணாடியை ஒட்ட மாட்டாங்க, ரப்பர்ல மாட்டுவாங்க. அந்த ரப்பரைக் குறுக்கா வெட்டிப் பார்த்தா, எதிரெதிர் பக்கம் பார்த்தபடி ரெண்டு பள்ளம் தெரியும். தச்சர்கள் பாஷையில சொன்னா, ரெண்டு காடி. ஒரு காடி வண்டியோட தகட்டு விளிம்பைக் கவ்வும். இன்னொண்ணு கண்ணாடியைக் கவ்வும். இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்.

பலர் கவனிக்காதது மூணாவது காடி. ரப்பரோட முகப்புல, சுத்திலும் ஒரு மெல்லிய கோடு மாதிரி ஓடும். அதுக்குள்ளே தனியா ஒரு பட்டையை நுழைச்சிருப்பாங்க. சில வண்டிகள்ல அது கறுப்பா இருக்கும். சிலதுல குரோம் பூசின மாதிரி பளபளன்னு இருக்கும். அந்தப் பளபளப்பைப் பார்த்துத்தான் நிறைய பேர் அதை அலங்காரம்னு முடிவு பண்ணிடுறாங்க.

உண்மையில, அந்தப் பட்டை உள்ளே போகும்போது ஓர் ஆப்பு மாதிரி வேலை செய்யுது. ரப்பரை ரெண்டு பக்கமும் விரிச்சுத் தள்ளும். அந்த அழுத்தத்துலதான் ஒரு பக்கம் ரப்பரோட உதடு தகட்டுலயும், மறுபக்கம் கண்ணாடியிலயும் இறுக்கமா ஒட்டி நிக்கும். பட்டையை உருவிட்டா ரப்பர் தளர்ந்துடும். கண்ணாடியைக் கையால தள்ளியே வெளியே எடுத்துடலாம். அதாவது, ரப்பர்தான் கதவு. இந்தப் பட்டைதான் பூட்டு. இந்தக் கட்டுரையில அதைப் பூட்டுப் பட்டைனே கூப்பிடுவோம்.

இது சின்ன ஐடியாவா தெரியலாம். ஆனா, கார், பஸ் கண்ணாடிக்குப் பயன்பட்ட இதே மாதிரி ரப்பர் பூட்டைத்தான் அமெரிக்காவுல ஜெனரல் மோட்டார்ஸோட டெக்னிக்கல் சென்டர் கட்டடத்துக்கு, கட்டடக் கலைஞர் ஈரோ சாரினென் எடுத்துக்கிட்டார். 1956-ல திறக்கப்பட்ட அந்தக் கட்டடத்துல, பெரிய கண்ணாடிகளை நியோபிரீன் ரப்பர்தான் பிடிச்சு நிறுத்துது. அப்புறம் உலகம் முழுக்க கட்டடங்களுக்கும் இந்த முறை பரவிடுச்சு. 1950-ல உற்பத்திக்கு வந்த ஃபோக்ஸ்வேகன் வேன் இருக்கே, வேன் லைஃப் ரசிகர்களோட கனவு வண்டி, அதோட ஜன்னல்களும் ரப்பர்ல மாட்டினதுதான்.

கொடைக்கானல் ரோடு ஏன் ஜன்னலைச் சோதிக்குது?

திண்டுக்கல்லுல வெயில்ல நிக்கிற வண்டியோட தகட்டைத் தொட்டுப் பார்த்திருக்கீங்களா? சித்திரை வெயில்ல 60 டிகிரி வரைக்கும்கூட சூடேறும். அதே வண்டி வத்தலக்குண்டு தாண்டி மலையேறி, ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்துல இருக்கிற கொடைக்கானலுக்குப் போனா, ராத்திரி 20 டிகிரிக்கும் கீழே. ஒரே நாள்ல 40 டிகிரி வித்தியாசம்.

இந்த வித்தியாசத்துல ஒவ்வொரு பொருளும் ஒவ்வொரு அளவுக்குச் சுருங்கும். ஒரு மீட்டர் நீளம்னு வெச்சுக்கோங்க. கண்ணாடி சுமார் 0.4 மில்லிமீட்டர் சுருங்கும். இரும்புத் தகடு சுமார் 0.5. அலுமினியம் சுமார் 0.9. கேரவன்கள்ல போடுற அக்ரிலிக் ஜன்னலா இருந்தா, கிட்டத்தட்ட 3 மில்லிமீட்டர்! பக்கத்துப் பக்கத்துல இருக்கிற ரெண்டு பொருள் இப்படி வேற வேற அளவுல நீண்டு சுருங்கினா, நடுவுல இருக்கிறது வளைஞ்சு கொடுக்கணும். ரப்பர் வளைஞ்சு கொடுக்கும். காய்ஞ்சுபோன சிலிகான் தடவல், ஓரத்துல பிடியை விட்டுடும்.

அதோட, கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு திருப்பத்துலயும் நீளமான வண்டியோட பாடி லேசா முறுக்கிக்கொடுக்கும். ஜன்னல் ஓட்டை செவ்வகமா இருந்தது, ஒரு நொடி சாய்சதுரமாகித் திரும்பும். இந்த ஆட்டத்தையும் தாங்க வேண்டியது அந்த ரப்பர்தான்.

மூணாவது காரணம் வயசு. வெயில்ல இருக்கிற புற ஊதாக் கதிரும் ஓசோனும் ரப்பரை மெல்ல மெல்ல இறுக்கமாக்கி, மேல்பரப்புல கோடு கோடா வெடிக்க வைக்கும். பூட்டுப் பட்டை பி.வி.சி-ல செஞ்சதா இருந்தா, அதை மென்மையா வெச்சிருக்கிற எண்ணெய்த்தன்மை வருஷக்கணக்குல வெளியேறிடும். பட்டை விறைச்சு, நீளமும் குறையும். மூலையில பட்டையோட ரெண்டு முனைக்கு நடுவுல ஒரு விரல் இடைவெளி தெரிஞ்சா, காரணம் அதுதான். திண்டுக்கல் சமவெளிக்கு அதிக மழை தர்றது அக்டோபர்ல வர்ற வடகிழக்குப் பருவமழை. அதுக்கு முன்னாடியே இந்த இடைவெளியைப் பார்த்துடணும்.

முதல்ல, எங்கே ஒழுகுதுனு கண்டுபிடிங்க

உள்ளே தண்ணி சொட்டுற இடமும், வெளியே தண்ணி நுழையுற இடமும் பெரும்பாலும் ஒண்ணா இருக்காது. கூரை கேரியர் போல்ட் வழியா நுழைஞ்ச தண்ணி, தகட்டுக்குப் பின்னாடியே ஓடி வந்து ஜன்னல் மூலையில எட்டிப்பார்க்கும். நாம பாவம் ஜன்னலைத் திட்டுவோம்.

இதுக்கு ரெண்டு பேர் வேணும். ஒருத்தர் வண்டிக்குள்ளே டார்ச்சோட உட்காரணும். இன்னொருத்தர் வெளியே ஹோஸ் பைப்போட நிக்கணும். தண்ணியை வேகமாப் பீய்ச்சக் கூடாது. மழை மாதிரி மெதுவா விடணும். முக்கியமா, கீழேயிருந்து மேலே போகணும். முதல்ல ஜன்னலோட கீழ்விளிம்பு, சில நிமிஷம். ஒழுகலைன்னா பக்கவாட்டு. அப்புறம் மேல்விளிம்பு. கடைசியா கூரை. மேலேயிருந்து ஆரம்பிச்சா எல்லா இடமும் நனைஞ்சுடும், குற்றவாளி யாருனு தெரியவே தெரியாது. ரப்பரோட உள்ஓரத்துல டிஷ்யூ பேப்பரை ஒட்டி வெச்சா, முதல்ல எங்கே நனையுதுனு பளிச்சுனு காட்டிக்கொடுத்துடும்.

உங்க ஜன்னல் எந்த ரகம்?

கருவி வாங்குறதுக்கு முன்னாடி இது தெரியணும். ஏன்னா, ஒரு ரகத்துக்கான கருவி இன்னொண்ணுக்கு உதவாது.

1. ரப்பரும் பூட்டுப் பட்டையும்: மேலே சொன்னது. பழைய மினி பஸ், வேன்கள்ல பரவலா பார்க்கலாம். வீட்டிலேயே சரிபண்ண ஏத்தது.

2. ஸ்லைடிங் கண்ணாடி: அலுமினிய சேனல்ல ரெண்டு கண்ணாடி முன்னும் பின்னும் நகரும். சேனலுக்குள்ளே வெல்வெட் மாதிரி ஒரு பட்டை இருக்கும். கீழ்ச்சேனல்ல தண்ணி வெளியேற சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். பாதி நேரம் ஒழுகலுக்குக் காரணம், அந்த ஓட்டைகள்ல அடைச்சிருக்கிற மண்ணுதான். ஒரு மெல்லிய கம்பியும் பழைய டூத் பிரஷ்ஷும் போதும். அதை சிலிகான் வெச்சு அடைச்சீங்கன்னா, நீங்களே தொட்டி கட்டின மாதிரி.

3. ஸ்க்ரூ வெச்ச ரெட்டை ஃப்ரேம்: கேரவனாவே தயாரான வண்டிகள்ல வர்றது. வெளியே ஒரு ஃப்ரேம், உள்ளே ஒரு ஃப்ரேம், நடுவுல வண்டியோட சுவர். சுத்திலும் ஸ்க்ரூ. வெளி ஃப்ரேமுக்கும் சுவருக்கும் நடுவுல களிமண் மாதிரி ஒட்டுற பியூட்டைல் டேப். ஸ்க்ரூ தலைகளை மறைக்க ஒரு வினைல் பட்டை. அந்தப் பட்டை சுருங்கினா ஸ்க்ரூவுல தண்ணி இறங்கி துருப்பிடிக்க ஆரம்பிக்கும்.

4. ஒட்டின கண்ணாடி: புது வண்டிகள்ல தகட்டோட நேரடியா பாலியூரித்தேன் பசையில ஒட்டியிருப்பாங்க. சுத்தியிருக்கிற ரப்பர் இங்கே வெறும் விளிம்புதான். இதை நீங்க தொடாதீங்க. காரணம் பின்னாடி வருது.

கருவிப் பெட்டியில என்ன இருக்கணும்?

*பூட்டுப் பட்டை நுழைக்கிற கருவி:* ஹீரோ இதுதான். ஒரு கைப்பிடி, அதோட முனையில கம்பியால ஆன ஒரு சின்னக் கண். பட்டையை அந்தக் கண் வழியா கோத்துக்கணும். கண்ணை ரப்பர் காடிக்குள்ளே இறக்கி இழுத்துக்கிட்டே போனா, கண்ணோட ரெண்டு பக்கமும் ரப்பர் உதடுகளை விரிச்சுக் கொடுக்கும். பட்டை பின்னாடியே உள்ளே போய் உட்கார்ந்துடும். உதடுகள் தானா மூடிக்கும். ஜிப் போடுற மாதிரி. ஸ்க்ரூ டிரைவரால ஒவ்வொரு அங்குலமா நெம்பி ஒரு நாள் முழுக்கப் போராடுற வேலை, இது இருந்தா சுலபமா முடியும்.

பட்டையோட அகலத்துக்குத் தகுந்த மாதிரி கண் அளவு மாறும். கண்களை மாத்திக்கிற மாதிரி செட்டாவும் கிடைக்குது. ஆன்லைன்ல வாங்குறதுக்கு முன்னாடி உங்க பட்டையோட அகலத்தை அளந்துக்கோங்க. கிடைக்கலைன்னா, பழைய ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடியில விறைப்பான எஃகுக் கம்பியை வளைச்சு லேத் பட்டறையிலேயே செஞ்சு வாங்கலாம். ஒரே நிபந்தனை: கண்ணோட விளிம்பை உப்புத்தாள்ல வழவழன்னு தேய்க்கணும். சொரசொரப்பா இருந்தா ரப்பரைக் கிழிச்சுடும்.

*கொக்கி:* மழுங்கின முனையுள்ள வளைஞ்ச கம்பி. மடங்கி உள்ளே போன ரப்பர் உதட்டை வெளியே இழுத்துவிட.

*பிளாஸ்டிக் நெம்புகோல்:* பழைய பட்டையையும் உள்விளிம்பையும் கழட்ட. இரும்பு ஸ்க்ரூ டிரைவர் பெயின்ட்டைக் கீறும். கீறின இடத்துல துரு ஆரம்பிக்கும். கண்ணாடி ஓரத்துல பட்டா இன்னும் ஆபத்து.

*வழவழப்பான நைலான் கயிறு:* ரப்பரைத் தகட்டுல ஏத்த. ஜன்னல் சுற்றளவைவிட அரை மீட்டராவது கூட இருக்கணும். பருமன் சுமார் 4 மில்லிமீட்டர் போதும்.

*சோப்புத் தண்ணி ஸ்பிரே:* பாத்திரம் கழுவுற லிக்விட் ரெண்டு மூணு சொட்டு, மீதி தண்ணி. அவ்வளவுதான்.

*சக்ஷன் கப்:* கண்ணாடியைத் தூக்கிப் பிடிக்க. சின்ன ஜன்னலுக்கு ஒண்ணு, பெரிசுக்கு ரெண்டு.

*மற்றவை:* தடிமனான கையுறை, கண்ணைக் காக்கும் கண்ணாடி, ரப்பர் சுத்தியல், கூர்மையான கட்டர், கம்பி பிரஷ், ரெட் ஆக்சைடு பிரைமர், மாஸ்க்கிங் டேப். மூணாவது ரகத்துக்கு மட்டும் பியூட்டைல் டேப், கையால திருப்புற ஸ்க்ரூ டிரைவர், வினைல் பட்டையை அழுத்த ஒரு சின்ன ரோலர்.

படிப்படியா எப்படி மாட்டுறது?

ரப்பர் இன்னும் மென்மையா இருக்கு, பட்டை மட்டும் சுருங்கியிருக்குன்னா வேலை சுலபம். கண்ணாடியைக் கழட்டவே வேண்டாம். பழைய பட்டையை உருவிட்டு, காடியைச் சோப்புத் தண்ணியில சுத்தம் பண்ணி, புதுப் பட்டையைக் கருவியில கோத்து நுழைச்சா முடிஞ்சது. ரப்பரே வெடிச்சிருந்தாதான் முழு வேலை.

முதல் வேலை, பழைய பட்டையோட ஜாயின்ட்டைத் தேடிப் பிடிச்சு, ஒரு முனையை நெம்பி, மொத்தமா உருவுறது. ஒருத்தர் உள்ளேயிருந்து மேல் மூலையில உள்ளங்கையை விரிச்சு மெதுவா தள்ளணும்; இன்னொருத்தர் வெளியே வாங்கிக்கணும். கெட்டிப்பட்டுப் போன பழைய ரப்பரா இருந்தா, தள்ளிப் போராடாம கட்டரால வெளி உதட்டை அறுத்து எடுத்துடுங்க. எப்படியும் தூக்கிப்போடத்தானே போறோம்.

கண்ணாடி வெளியே வந்ததும் பெரும்பாலும் ஓர் அதிர்ச்சி காத்திருக்கும். தகட்டு விளிம்பு துருப்பிடிச்சு ரம்பம் மாதிரி இருக்கும். இங்கே அவசரப்படக் கூடாது. கம்பி பிரஷ் போட்டுத் தேய்ச்சு, ரெட் ஆக்சைடு அடிச்சு, மேல பெயின்ட் அடிச்சு, முழுசா காய விடணும். விளிம்பு அரிச்சுப்போய் பல்லிளிச்சா, டிங்கரிங் பட்டறைக்குத்தான் போகணும். மோசமான விளிம்புல எவ்வளவு நல்ல ரப்பரைப் போட்டாலும் பிடிப்பு கிடைக்காது.

அடுத்து, புது ரப்பரைக் கண்ணாடியைச் சுத்தி மாட்டணும். இங்கே ஒரு விஷயம் ரொம்ப முக்கியம்: ரப்பரை இழுக்காதீங்க. இழுத்து மாட்டினா அன்னிக்கு அழகா இருக்கும். சில நாள்ல அது தன் பழைய நீளத்துக்குத் திரும்பி, ஜாயின்ட்ல வாயைப் பிளக்கும். சரியான நீளத்தைவிட ஒரு விரல் அகலம் கூடவே வெட்டி, அழுத்தி உள்ளே தள்ளுறதுதான் சரி.

ரப்பர் கண்ணாடியில உட்கார்ந்ததும், தகட்டைக் கவ்வ வேண்டிய காடிக்குள்ளே நைலான் கயிறை முழுச்சுத்தா ஓடவிடுங்க. ரெண்டு முனையும் கீழ்ப்பக்க நடுவுல, ஒண்ணு மேல ஒண்ணு தாண்டி, வண்டிக்குள்ளே தொங்கணும். சோப்புத் தண்ணியைத் தாராளமா ஸ்பிரே பண்ணிட்டு, வெளியிலிருந்து கண்ணாடியை ஓட்டையில பொருத்துங்க. வெளியே இருக்கிறவர் உள்ளங்கையால அழுத்திக்கிட்டே இருக்க, உள்ளே இருக்கிறவர் கயிறை ஒரு முனையிலிருந்து மெதுவா இழுக்கணும். கயிறு வெளியே வர வர, ரப்பரோட உள்உதடு 'பிளக் பிளக்'னு தகட்டைத் தாண்டி உட்காரும். கயிறு இழுக்குற இடத்துக்கு நேரா வெளியே அழுத்தம் இருக்கணும். இந்த ஜோடி வேலை சரியா நடந்தாலே பாதிக் கிணறு தாண்டியாச்சு.

இனி பூட்டு. பட்டையைக் கொஞ்ச நேரம் வெயில்ல போட்டு வைங்க. இந்த விஷயத்துல திண்டுக்கல் வெயில் நம்ம ஃப்ரெண்ட். மென்மையானதும் கருவியோட கண்ல கோத்து, காடியில சோப்புத் தண்ணி அடிச்சு, ஒரே சீரா இழுத்துக்கிட்டுப் போங்க. மூலை வந்தா வேகத்தைக் குறைச்சு, கைப்பிடியைத் திருப்பி, பட்டையைக் கட்டைவிரலால தள்ளிக் கொடுங்க. ரப்பரோட ஜாயின்ட்டும் பட்டையோட ஜாயின்ட்டும் ஒரே இடத்துல வரக் கூடாது. கடைசி முனையை உடனே சரியா வெட்டிடாம, ஒரு ராத்திரி விட்டு, அடுத்த நாள் கொஞ்சம் கூடுதலாவே வெட்டி அழுத்தி உள்ளே தள்ளுங்க.

ரெட்டை ஃப்ரேம் ரகம்னா, பழைய பியூட்டைலைச் சுத்தமா சுரண்டி எடுத்துட்டு, புது டேப்பை இடைவெளி இல்லாம சுத்தி ஒட்டணும். ஸ்க்ரூக்களை வரிசையா இல்லாம, எதிரெதிரா, கார் வீல் நட் முடுக்குற மாதிரி கொஞ்சம் கொஞ்சமா இறுக்குங்க. டிரில் மெஷின்ல முடுக்கினா மரச்சட்டத்துல புரி அழிஞ்சுடும். இதை ஆடிக் காத்துல, திறந்தவெளியில செய்யாதீங்க. பறக்குற புழுதி எல்லாம் பியூட்டைல்ல ஒட்டினா, ஒட்ட வேண்டியது ஒட்டாது.

எல்லாம் முடிஞ்சதும், மறுபடியும் ஹோஸ் பைப். கீழேயிருந்து மேலே.

இதையெல்லாம் தடவாதீங்க ப்ளீஸ்!

*கிரீஸ், இன்ஜின் ஆயில், மண்ணெண்ணெய்:* ரப்பர் வழுக்கி உட்காரணும்னு இதைத் தடவுறது உண்டு. வண்டி ஜன்னல்களுக்கு அதிகம் பயன்படுற இ.பி.டி.எம் ரப்பர், வெயிலையும் மழையையும் பிரமாதமா தாங்கும். ஆனா பெட்ரோலிய எண்ணெய் பட்டா உப்பி, தளர்ந்துடும். சோப்புத் தண்ணி காய்ஞ்சு போயிடும். எண்ணெய் தங்கி ரப்பரைத் தின்னும்.

*வினிகர் வாடை வர்ற சிலிகான்:* அந்த வாடை அசிட்டிக் அமிலத்தோடது. வெறும் தகட்டுல பட்டா துருவுக்கு நாமே வரவேற்பு சொன்ன மாதிரி. சீலன்ட் போட்டே ஆகணும்னா நியூட்ரல் ரகம்னு கேட்டு வாங்குங்க. அதையும் ரப்பர் மேல பூச்சா அடிக்காதீங்க. மேலே பூசினா, உள்ளே ஏற்கெனவே நுழைஞ்ச தண்ணி வெளியேற வழியில்லாமப் போகும். சிலிகான் ஒட்டின இடத்துல அப்புறம் பெயின்ட்டும் பிடிக்காது.

*தின்னர், பெட்ரோல்:* அக்ரிலிக் ஜன்னல்ல இது பட்டா, முடி மாதிரி மெல்லிய வெடிப்புகள் ஓட ஆரம்பிக்கும். சோப்புத் தண்ணியும் மென்மையான துணியும் மட்டும் போதும்.

எதை நாமே செய்யக் கூடாது?

முன்பக்கக் கண்ணாடியும் ஒட்டின கண்ணாடிகளும் வேலை தெரிஞ்ச கண்ணாடி ஃபிட்டரோட வேலை. பாலியூரித்தேன் பசைக்குக் கீழே பிரைமர் சரியா போடணும், அது இறுக நேரம் கொடுக்கணும். தப்பானா, ஹைவேல போகும்போது கண்ணாடி பெயர்ந்து விழலாம். பின்னாடி பைக்ல வர்றவரை யோசிச்சுப் பாருங்க.

பக்கவாட்டு ஜன்னல்கள்ல இருக்கிறது பெரும்பாலும் டஃபண்டு கண்ணாடி. நடுவுல தாங்கும், ஆனா மூலையில ஒரு சின்ன அடி பட்டாலும் மொத்தமும் சோளப்பொரி மாதிரி சிதறும். தயாரான பிறகு அதை வெட்டவோ ஓட்டை போடவோ முடியாது. அதனால அளவு சரியில்லைன்னா புதுசாதான் ஆர்டர் பண்ணணும். வண்டிக்கான பாதுகாப்புக் கண்ணாடிக்குரிய இந்தியத் தரம் ஐ.எஸ். 2553, பகுதி 2. கண்ணாடி மூலையில அந்த முத்திரை இருக்கான்னு பாருங்க. வீட்டு ஜன்னலுக்கான சாதாரணக் கண்ணாடியை வெட்டி மாட்டிடாதீங்க. உடைஞ்சா கத்தி கத்தியா வரும்.

சட்டத்தையும் ஒரு பார்வை பார்த்துடலாம். பழுதான ரப்பரை மாத்துறது பராமரிப்பு. ஆனா, பாடியை வெட்டி புது ஜன்னல் வைக்கிறது, இருக்கிற ஜன்னலைத் தகடு அடிச்சு மூடுறது எல்லாம் வேற கதை. மோட்டார் வாகனச் சட்டத்தோட 52-வது பிரிவுப்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்கள்லேர்ந்து ஆர்.சி. விவரங்கள் மாறுற அளவுக்கு வண்டியை மாத்தக் கூடாது. 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதிப்படுத்தியிருக்கு. கேரவனுக்குனு ஏ.ஐ.எஸ். 124-னு தனித் தரநிலையே இருக்கு. அதனால, பெரிய மாற்றம்னா முதல்ல ஆர்.டி.ஓ ஆபீஸ்ல கேட்டுட்டு கட்டரைக் கையில எடுங்க. கண்ணாடியோட நிறத்துக்கும் அளவு இருக்கு: முன், பின் கண்ணாடிகள்ல குறைஞ்சது 70 சதவிகிதம், பக்கவாட்டுல 50 சதவிகிதம் வெளிச்சம் உள்ளே வரணும்.

இன்னொண்ணு, உயிர் விஷயம். பழைய மினி பஸ்ல எமர்ஜென்சி எக்ஸிட்னு எழுதின ஜன்னல் இருந்தா, அதை ஒழுகுதுனு சொல்லி சிலிகான்லயோ ஸ்க்ரூவுலயோ நிரந்தரமா அடைச்சுடாதீங்க. குறுக்கே கட்டிலும் போடாதீங்க. உள்ளே தூங்கப்போறதும் சமைக்கப்போறதும் நீங்கதான். அந்த ஜன்னல் பக்கத்துல ஒரு சுத்தியல் கண்டிப்பா இருக்கணும்.

ரப்பர் எங்கே கிடைக்கும்?

இந்த விஷயத்துல திண்டுக்கல்காரங்க கொடுத்து வெச்சவங்க. பஸ் பாடி கட்டுறதுக்குப் பேர் போன கரூர், என்.ஹெச். 44-ல வடக்கே சுமார் 75 கிலோமீட்டர்தான். லாரி பாடிக்குப் பேர் போன நாமக்கல் அதையும் தாண்டி, அதே ரோட்ல. வெளிநாட்டுல பழைய கேரவன் வெச்சிருக்கிறவங்க ஒரு மீட்டர் ரப்பருக்குக் கப்பல் பார்சலுக்காகக் காத்திருக்க, நமக்கு அது ஒரு பஸ் டிக்கெட் தூரம்.

ஒரே ஒரு டிப்ஸ்: பேர் சொல்லிக் கேட்காதீங்க. கடைக்குக் கடை பேர் மாறும். பழைய ரப்பர்லயும் பட்டையிலயும் உள்ளங்கை நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டி எடுத்துட்டுப் போங்க. வெட்டின முகத்தைக் காட்டுங்க. கண்ணாடி தடிமன், தகட்டு விளிம்போட தடிமன் ரெண்டையும் வெர்னியர் காலிப்பர்ல அளந்து குறிச்சுக்கோங்க. காடி ஒரு மில்லிமீட்டர் அகலமா இருந்தாகூட பிடிப்பு போயிடும். ஜன்னல் சுற்றளவைவிட கால் மீட்டர் சேர்த்தே வாங்குங்க. வாங்குறதுக்கு முன்னாடி மடக்கிப் பாருங்க. மடிப்புல வெள்ளைக் கோடோ வெடிப்போ தெரிஞ்சா, அது ஷெல்ஃப்ல ரொம்ப வருஷம் தூங்கினது.

பழைய வண்டி வாங்கப்போறவங்களுக்கும் இது உதவும். இன்ஜின் சத்தம் கேட்கிறதுக்கு முன்னாடி ஜன்னல் ரப்பரைச் சுத்தி ஒரு தடவை விரலால அழுத்திப் பாருங்க. பட்டை மூலையில சுருங்கியிருக்கா, ரப்பர் மேல சிலிகான் பூச்சு மேல பூச்சா இருக்கா, ஜன்னலுக்குக் கீழே உள்பலகை மெத்துனு அமுங்குதா... இது மூணும் இருந்தா விலையைக் குறைச்சுக் கேட்க உங்ககிட்ட நியாயமான காரணம் இருக்கு. பலகைக்குப் பின்னாடி தண்ணி எத்தனை மழைக்காலமா குடியிருக்கோ!

புது சோலார் பேனலுக்கும் மஞ்சள் விளக்குக்கும் பட்ஜெட் போடுறவங்க, அந்த லிஸ்ட்ல முதல் வரியா ஜன்னல் ரப்பரையும் அந்தக் குட்டிக் கருவியையும் எழுதிக்கோங்க. வீட்டுக்குள்ளே எவ்வளவு செலவு பண்ணினாலும், பூட்டு சரியா இருந்தாதானே நிம்மதியா தூங்க முடியும்!